டாரட் கட்டும் வன்னி மாரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு போட்டோகொப்பிக் கடையில் ஒன்பது வருடம் நின்றவள் நான். கடதாசி எந்த மாதம் பிசுபிசுக்கும், எப்போது சுருண்டு மெஷினுக்குள் சிக்கும் என்பதெல்லாம் கைக்கே தெரியும். டாரட் அட்டை, பலர் குறி பார்க்கப் பாவிக்கும் அந்தப் படச்சீட்டு, கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். கனடாவிலிருந்து லீவில் வந்த மச்சாள் சொக்கிலேட்டுக்கும் தைலப் போத்தலுக்கும் நடுவில் ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து, "உனக்குப் பிடிக்கும் எண்டு நினைச்சன்" என்று தந்துவிட்டுப் போனார். ஐந்து வருடமாகிறது. இப்போது அயலில் இரண்டு பேர், கூடப் படித்தவர்கள் நாலைந்து பேர் ஆளுக்கொரு கட்டு வைத்திருக்கிறார்கள். எல்லாரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்பதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

இது சாத்திரமா, விளையாட்டா?

பிறந்தது விளையாட்டாகத்தான். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான், ஃபெராரா பக்கத்துப் பிரபுக்கள் வீடுகளில் ஆடிய சீட்டு. முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டத்தில் நாங்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்கோப்பனோ வேறொன்றோ துரும்பு என்று வைத்து வெட்டுகிறோம் அல்லவா, அவர்கள் துரும்புக்கென்றே படம் வரைந்த அட்டைகளைத் தனியாகச் சேர்த்துவிட்டார்கள். பிரான்சில் இன்றைக்கும் அதை விளையாட்டாக ஆடுகிறார்கள். கூர் த கெபெலான் என்ற பிரெஞ்சுக்காரர் 1781இல் இது பழைய எகிப்திய ஞானம் என்று எழுதிவைத்தார், அதற்குப் பிறகுதான் குறி பார்க்கும் பேச்சு பெரிதாக எழும்பியது. எகிப்திய எழுத்தை வாசிக்கும் வழியே 1822இல்தான் கிடைத்தது, ஆகவே அவர் எதை வாசித்துச் சொன்னார் என்று நீங்களே யோசியுங்கள்.

மொத்தம் 78 அட்டை. மூடன், சந்நியாசி, நிலா, சூரியன் என்று 22 பெரியவை. மிச்சம் 56இலும் கோல், கிண்ணம், வாள், காசு என்று நாலு இனம், இனத்துக்கு 14. சாதாரண சீட்டில் 13தான், இங்கே குதிரைவீரன் ஒருவன் கூட. நம்மில் அநேகமானோர் கையில் இருப்பது 1909இன் கடைசியில் லண்டனில் வந்த கட்டு, அல்லது அதைப் பார்த்து வரைந்த ஏதோ ஒன்று. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவர் யோசனை சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் 78ஐயும் வரைந்தார். பெரிய வேலை, மிகச் சொற்பக் காசு என்று அந்த வருடமே ஒரு சிநேகிதருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நெடுங்காலம் அவர் பெயரைச் சொல்லாமல் பதிப்பாளர் பெயரையும் வெய்ட் பெயரையும் மட்டும் சேர்த்து 'ரைடர்-வெய்ட்' என்றார்கள், இப்போதுதான் 'ஸ்மித்' ஒட்டியிருக்கிறது. 1951இல் வசதியில்லாமல் இறந்துபோனார். அட்டையின் மூலையில் பாம்பு நெளிகிற மாதிரி ஒரு சின்னக் கையெழுத்து இருக்கும், அது அவருடையது.

என்னைக் கேட்டால், நான் இதைச் சாத்திரமாக வைத்திருக்கவில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று அட்டைக்குத் தெரியாது. எனக்குள் எது கிடந்து உறுத்துகிறது என்று கேட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான். அதற்கு மேலே நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் கீழே எழுதுவது எல்லாம் இந்த எண்ணத்தோடுதான்.

எங்கே வாங்குவது? போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கடையில் நான் கண்டதில்லை. கொழும்பிலிருந்து ஓடர் பண்ணலாம், அல்லது வெளிநாட்டிலிருந்து வரும் ஆளிடம் சொல்லிவிடலாம். ஓடர் பண்ணினால் விலை மலிவாக இருக்கிறதே என்று பாயாதீர்கள். போலிக் கட்டுகள் நிறைய. பெட்டிக்குள் விளக்கப் புத்தகம் இராது, பதிலாக ஃபோனால் ஸ்கேன் பண்ணும் சதுரம் ஒன்று இருக்கும். அட்டை மெல்லியதாக, சவர்க்காரம் பூசினது போல வழுக்கும். நான் முதலில் பார்ப்பது அந்தப் பாம்புக் கையெழுத்தைத்தான்: படத்தை ஸ்கேன் பண்ணித் திரும்ப அச்சடித்திருந்தால் அந்தச் சின்னக் கோடுகள் கரைந்து ஒரு கறுப்புப் புள்ளியாக நிற்கும். கொப்பிக்குக் கொப்பி அடித்தால் சின்ன எழுத்துத்தான் முதலில் சாகும், ஒன்பது வருடம் பார்த்த விசயம்.

அளவையும் பாருங்கள். வழமையான டாரட் அட்டை 70 மில்லிமீற்றர் அகலம், 120 உயரம். எனக்குச் சின்னக் கை, ஆரம்பத்தில் கலைக்கும்போது பாதி நிலத்தில்தான் கிடக்கும். பொக்கெட் அளவில் வாங்கினாலும் ஒரு குறையும் இல்லை.

முதல் கட்டை நாமே வாங்கக் கூடாதாமே, யாராவது பரிசாகத் தரவேண்டுமாமே?

இல்லை. வாங்குங்கள்.

மாரி வந்தால் அட்டை எல்லாம் வளைகிறது, என்ன செய்வது?

இதுதான் வன்னியில் உண்மையான கேள்வி. வெளிநாட்டுக்காரர் எழுதும் குறிப்புகளில் அட்டையின் சக்தி, அட்டையோடு உறவு என்று பக்கம் பக்கமாக இருக்கும், ஐப்பசியில் மழை பிடித்து தை வரைக்கும் விடாமல் ஊறுகிற ஒரு வீட்டில் கடதாசியை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு வரி இராது.

கடதாசி நார் ஈரத்தைக் குடித்தால் வீங்கும். அட்டையின் இரண்டு பக்கப் பூச்சும் ஒரே அளவு இல்லையென்றால் ஒரு பக்கம் கூட வீங்கும், மற்றப் பக்கம் இழுத்துப் பிடிக்கும், அதனால்தான் கிண்ணம் மாதிரி வளைகிறது. ஆகவே வளைவை எடுப்பதற்கு முதல் ஈரத்தை நிறுத்த வேண்டும். கடையில் பேப்பர் அடுக்கும் அலுமாரிக்குள் ஒரு குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிடுவோம், அந்தச் சின்னச் சூடு போதும். வீட்டில் ஒரு கட்டு அட்டைக்காகப் பல்ப் எரித்தால் கரண்ட் பில் வரும்போது ஏச்சுத்தான் கிடைக்கும். பிஸ்கட் ரின் ஒன்று எடுங்கள், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். அட்டையைப் பருத்தித் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். சப்பாத்துப் பெட்டி, கைப்பை, மருந்துப் போத்தலுக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பைகளை எறியாமல் சேர்த்து நாலைந்தைப் போடுங்கள். அவையும் ஈரம் குடித்து நிரம்பிவிடும், அதற்குப் பிறகு அங்கே கிடந்தும் ஒன்றுதான் கிடவாமலும் ஒன்றுதான், மாற்றிவிட வேண்டும். நிறம் மாறும் நீல மணிகள் என்றால் காயவைக்கிறேன் என்று சமைக்கிற சட்டியில் வறுக்காதீர்கள், அதில் கோபால்ட் உப்பு இருக்கும்.

மழை நாளில் ரின்னைத் திறந்து விறாந்தையில் இருந்து அட்டை விரிக்க ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் ஆசை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு மூடுங்கள்.

ஏற்கெனவே வளைந்திருந்தால், வெயிலில் போட வேண்டாம். நான் போட்டேன், ஒரு பக்கம் வளைந்தது மறுபக்கம் வளைந்தது, முதுகின் நீலமும் வெளிறியது. நல்ல காய்ந்த நாளில் மத்தியானத்துக்குப் பிறகு நிழலில் பரப்பி ஒரு மணி நேரம் விட்டு, பிறகு அழுத்தமான இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே பாரம் ஏற்றி நாலைந்து நாள் மறந்துவிடுங்கள். அரிசி மூட்டைக்குக் கீழே வைத்த ஒரு சிநேகிதியை எனக்குத் தெரியும். அட்டை தட்டையாகத்தான் வந்தது, கூடவே வண்டும் வந்தது.

மரப்பெட்டி வடிவுதான், ஆனால் நிலத்தில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டு அலுமாரியின் பின்பலகையைக் கறையான் சத்தமில்லாமல் தின்று முடித்தது, முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, கைவைத்தபோதுதான் விரல் உள்ளே போனது. ரின், உயரமான தட்டு, சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி. இராமபாணப் பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலை நல்லது, பச்சை இலை போட்டால் அதன் ஈரமே கேடு.

சோளகம் வீசும் மாதங்களில் கதை வேறு, ஈரம் இல்லை, ஆனால் புழுதி. அட்டையின் நடுவே மணல் மணியாகச் சிக்கி, கலைக்கும்போது கீறும். அப்போதும் ரின்தான்.

நிலா வெளிச்சத்தில் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டுமா? உப்புக்குள் புதைக்க வேண்டுமா?

பறுவத்துக்கு முற்றத்தில் வைத்துவிட்டு விடியப் போய்ப் பாருங்கள், மார்கழிப் பனியில் நனைந்து ஊறிப்போய்க் கிடக்கும். உப்பு தண்ணீரை இழுக்கும் சாமான், அட்டைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாதது என்று ஒரு பட்டியல் போட்டால் முதலில் உப்பைத்தான் எழுதுவேன். வெள்ளைச் சேஜ் என்ற மூலிகை இலையால் புகை போடுவது வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் வழக்கம், அதை ஏன் நாங்கள் பொட்டலமாக வாங்க வேண்டும்? சாம்பிராணி போடலாம் என்பார்கள். வீட்டுக்குப் போடுங்கள், நல்ல வாசம். அட்டையைப் புகைக்கு நேரே பிடித்தால் மங்கலான எண்ணெய்ப் படலம் ஒன்று ஒட்டும், பிறகு ஒன்றோடொன்று பிடிக்கும்.

மனதுக்கு ஒரு தொடக்கம் வேண்டும் என்றால் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, 78ஐயும் இலக்க ஒழுங்கில் ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். எல்லாம் இருக்கிறதா என்றும் தெரியும், ஒவ்வொன்றையும் கண்ணால் கண்டதாகவும் இருக்கும். எனக்கு இதைவிடப் பெரிய சுத்திகரிப்புத் தெரியாது.

மற்றவர்கள் தொடலாமா? அழுக்குப் பட்டால்?

தொடலாம், கை கழுவினால். பாலைப்பழக் காலத்தில் மட்டும் தொடவிடாதீர்கள். அக்காவின் மகன் பழம் தின்ற கையோடு கட்டை எடுத்துக் கலைத்துவிட்டான். அந்தப் பால் உதட்டில் எப்படி ஒட்டும் என்று தெரியும்தானே, அட்டையிலும் அப்படித்தான். சந்நியாசியும் சக்கரமும் முதுகும் முகமுமாக ஒட்டிக்கொண்டன. பொறுமையில்லாமல் இழுத்தேன், சந்நியாசியின் விளக்கு சக்கரத்தின் முதுகோடு போய்விட்டது. விளக்கில்லாத சந்நியாசிதான் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறார். கையில் பட்ட பாலைத் தேங்காயெண்ணெய் போட்டு எடுக்கலாம், கடதாசியில் எண்ணெய் பட்டால் அதுவே கறை.

சாதாரண அழுக்குக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி, உலர்ந்தபடி. பூச்சுள்ள அட்டை என்றால் துணியை ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு நனைத்து ஒருமுறை இழுக்கலாம், உடனே காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். பூச்சில்லாத அட்டைக்கு அதுவும் வேண்டாம். கரம் போட் பவுடர் தூவினால் வழுக்கும் என்று ஒரு யோசனை ஊருக்குள் உலாவுகிறது. தூவாதீர்கள், கறுப்பு ஓரம் எல்லாம் வெள்ளை பூத்துப்போகும்.

பனையோலைப் பாயில் நேரே விரித்தால் ஓலை விளிம்பு அட்டையின் மூலையைக் கிளப்பும். பழைய சீலைத் துண்டு ஒன்றை விரியுங்கள்.

லேமினேட் பண்ணினால் என்ன?

கடையில் நின்றவளிடம் கேட்கிறீர்கள், சரி, கணக்குப் பார்ப்போம். அடையாள அட்டைக்குப் போடுகிற 125 மைக்ரோன் பையைப் போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து ஓர் அட்டைக்குக் கால் மில்லிமீற்றர் கூடும். 78 அட்டைக்குக் கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர். இரண்டு கையாலும் பிடித்துக் கலைக்க முடியாத ஒரு செங்கல் கிடைக்கும், அதற்குக் காசும் கட்ட வேண்டும்.

வீட்டில் துடக்கு என்றால் தொடலாமா? மாதவிடாய் நாட்களில்?

இது இத்தாலிக்காரன் விளையாடிய சீட்டு, சாமிப்படம் அல்ல. துடக்குக் கணக்கு இதற்கு இல்லை. ஆனால் செத்தவீடு நடந்து எட்டுக்குள் அட்டையை விரித்து வைத்துக்கொண்டு இருந்தால் வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் நோகும், அது அட்டையின் விதி இல்லை, வீட்டின் மரியாதை. சாமியறையில் கொண்டுபோய் வைக்காமல் விட்டாலே பாதிப் பிரச்சினை இல்லை.

எப்படித் தொடங்குவது? 78க்கும் அர்த்தம் பாடமாக்க வேண்டுமா?

பாடமாக்க வேண்டாம், அது ஓ.எல். சோதனைக்குப் படித்தது போல ஆகிவிடும், மறுகிழமை மறக்கும்.

ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் ஓர் அட்டை. நான் எடுப்பது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், தேத்தண்ணி ஆறுவதற்கு முதல். உங்களுக்கு எது தோதோ அது. திகதி, அட்டையின் பெயர், பிறகு புத்தகத்தைத் திறக்காமல் படத்தில் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று மூன்று வரி. "பயம்", "வெற்றி" என்று எழுத வேண்டாம், படத்தில் இருப்பதை எழுதுங்கள்: ஆள் எங்கே பார்க்கிறான், கையில் என்ன, வானம் என்ன நிறம். அதற்குப் பிறகு புத்தகம். இரவு படுக்க முதல் அன்றைக்கு நடந்தது ஒரு வரி.

கோல் ஏழு எனக்கு மூன்றாம் தரம் வந்தபோதுதான் ஒன்றைக் கண்டேன். மேட்டில் நிற்கும் ஒருவன், கீழேயிருந்து ஆறு கோல்கள் அவனை நோக்கி எழும்புகின்றன, அவன் தன் கோலால் தடுத்து நிற்கிறான். புத்தகத்தில் துணிவு, விட்டுக்கொடாமை என்று இருக்கிறது. முதல் இரண்டு தரமும் நானும் அதைத்தான் கொப்பியில் எழுதியிருக்கிறேன். மூன்றாம் தரம் பார்த்தால் அவன் ஒரு காலில் சப்பாத்து, மறுகாலில் வேறு மாதிரிப் பாதணி போட்டிருக்கிறான். அந்தரப்பட்டு, இருட்டில் கையில் அகப்பட்டதைக் கொழுவிக்கொண்டு வெளியே வந்த ஆள். வன்னியில் இருக்கிற ஒருவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து அந்த அட்டை எனக்குத் துணிவு இல்லை, அவகாசம் கிடைக்காதவனின் துணிவு. இப்படி ஒன்று வந்தால் அந்த அட்டை பாடமாகிவிட்டது, இனி மறக்காது.

ஒரு சின்னக் கணக்கு. தினமும் முழுக் கட்டையும் கலைத்து ஒன்று எடுத்தால் 78 நாளில் 78ஐயும் கண்டுவிடலாம் என்று நினைப்பீர்கள். ஏறக்குறைய 50தான் வரும், மிச்சம் முகமே காட்டாது. பொறுமையில்லாதவர்கள் எடுத்த அட்டையைப் புறம்பாக வைத்துக்கொண்டே போகலாம், பதினொரு கிழமையும் ஒரு நாளும் போனால் முடியும்.

புத்தகம் எல்லாம் ஆங்கிலத்தில், படங்களும் வெள்ளைக்காரரின் ஊர். நமக்கு எப்படி ஒட்டும்?

சொல்லைத் தமிழாக்கினால் மட்டும் ஒட்டாது. 16ஆம் அட்டையைக் 'கோபுரம்' என்று தமிழில் எழுதிப் பாருங்கள், நமக்குக் கோயில் கோபுரம்தான் வரும், கும்பிடத் தோன்றும். படத்திலோ இடி விழுந்து உச்சி பிளந்து ஆட்கள் தலைகீழாக விழுகிறார்கள். போருக்குப் பிறகு ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் இந்த அட்டை.

அம்மாவுக்கு இந்த அட்டைகளில் ஈடுபாடு கிடையாது, ஆனால் ஒருநாள் பயிற்றங்காய் முறித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர் வாள் ஆறை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஒரு வள்ளம். தலையை மூடிக்கொண்டு கூனிக் குந்தியிருக்கிற பெண், பக்கத்தில் பிள்ளை, பின்னால் நின்று தடியால் தள்ளுகிற ஆள், வள்ளத்தில் குத்தி நிற்கிற ஆறு வாள். புத்தகத்தில் அமைதியான கரை நோக்கிய பயணம் என்று இருக்கும். அம்மா சொன்னார்: "இது கிளாலி." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனா பகலில போறாங்கள். அதுதான் பிழை. நாங்கள் சாமத்திலதான் வந்தனாங்கள், ஒரு பீடி கூடப் பத்தவிடேல்லை." தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குக் கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்தவர்களுக்குத் தெரியும், வெளிச்சம் கண்டால் கடற்படை சுடும்.

1909இல் லண்டனில் இருந்து வரைந்தவருக்குக் கிளாலி தெரியாது. அது பரவாயில்லை. அந்த வரியை அப்படியே கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன், என்னிடம் உள்ள விளக்கங்களிலேயே நல்லது அதுதான்.

ஒரே அட்டை திரும்பத் திரும்ப வருகிறது, ஏதோ சொல்ல வருகிறதா?

கணக்குத்தான் சொல்ல வருகிறது. தினமும் ஒன்று எடுத்தால் 11 நாளுக்குள் ஏதோ ஓர் அட்டை இரண்டாம் தரம் வர பாதிக்குப் பாதிக்கும் சற்றுக் கூடுதலாக வாய்ப்பு இருக்கிறது. அதோடு பலர் கலைப்பதே இல்லை, நாலு தரம் மேலும் கீழும் மாற்றிவிட்டு எடுக்கிறார்கள், நேற்று வைத்த அட்டை அந்த இடத்திலேயே நிற்கும். சீலைத் துண்டில் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, மாப் பிசைகிற மாதிரி ஒரு நிமிடம் கலையுங்கள்.

இருந்தாலும் வந்ததைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஒரு படத்தை இரண்டாம் தரம் பார்க்க ஒரு சாட்டுக் கிடைத்திருக்கிறது.

சொன்னது சரியாகப் பொருந்துகிறதே, அது எப்படி?

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்து, ஆளுக்கொரு குண விளக்கம் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். "வெளியில் சிரித்தாலும் உள்ளே கவலை இருக்கிறது" என்றால் யாருக்குத்தான் பொருந்தாது? இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அட்டை பார்ப்பதில் ஒரு நன்மை இருக்கிறது, உங்களை நீங்களே ஏமாற்றுகிற இடம் கண்ணுக்குத் தெரியும்.

தலைகீழாக வந்தால்? மரணம் வந்தால்?

முதல் ஆறு மாதம் தலைகீழை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு போங்கள். மரண அட்டையில் குதிரையில் வரும் எலும்புக்கூட்டுக்கு அப்பால் தூரத்தில் இரண்டு தூணுக்கு நடுவில் சூரியன் நிற்கிறது, முடிந்து இன்னொன்று தொடங்குவது என்றுதான் வாசிப்பார்கள். ஆனால் பிள்ளைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் அதை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லாதீர்கள், சொல்லி முடிப்பதற்குள் பயந்துவிடுவார்கள்.

கேள்வியை எப்படிக் கேட்பது?

"வேலை கிடைக்குமா?" என்றால் அட்டை வாய் திறக்காது, நீங்கள்தான் அதற்கு வாய் வைப்பீர்கள், அதுவும் உங்களுக்கு வேண்டிய பக்கம். பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஆடைத் தொழிற்சாலையில் இன்ரவியூ இருந்தபோது அப்படித்தான் வந்து கேட்டாள். அதை விட்டுவிட்டு "போறதுக்கு நான் ஏன் பின்னடிக்கிறன்?" என்று கேட்டுப் பார் என்றேன். காசு நாலு வந்தது: தலையில் ஒரு காசு, நெஞ்சோடு கட்டிப்பிடித்த ஒன்று, இரண்டு காலுக்குக் கீழேயும் ஒவ்வொன்று, ஆள் அசையவே முடியாது. கொஞ்சம் பார்த்துவிட்டு, "அக்கா, கோழிகளை ஆர் பாக்கிறது?" என்றாள். பயம் வேலையில் இல்லை, கோழிக்கூட்டில் இருந்தது. அம்மாவோடு கதைத்து ஓர் ஒழுங்கு செய்தாள். வேலை கிடைத்ததா என்பது வேறு கதை.

மூன்று அட்டைக்கு மேல் ஒரு வருடம் போகவேண்டாம். வெய்ட் பிரபலமாக்கிய பத்து அட்டை விரிப்பு வடிவாக இருக்கும், ஆனால் பத்தும் பத்துப் பக்கம் இழுக்கும்.

மற்றவருக்குப் பார்க்கலாமா, காசு வாங்கலாமா?

பார்க்கலாம், கூட இருந்து பார்ப்பது போல. காசு நான் வாங்குவதில்லை, வாங்கினால் நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டி வரும். வருத்தம், வழக்கு, கடன் என்று வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்கும் வழக்கறிஞரிடமும் போகச் சொல்லுங்கள்.

காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்டால்?

பார்க்காதீர்கள். இதற்கு இரண்டாம் பேச்சில்லை.

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வந்தே தீரும். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில், போரில் பிள்ளைகள் காணாமல் போன தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி படங்களோடு வந்து இருந்தார்கள், அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள், என்னுடைய பிஸ்கட் ரின் அல்ல.

இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் ஒரு மாமி ஒரு பின்னேரம் வந்தார். மடியில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் மகனின் படம், ஓரம் பழுத்துப் போயிருந்தது. "நீ ஏதோ காட்ஸ் பாக்கிறியாம். ஒருக்காப் பாரு பிள்ளை." குறி கேட்கப் போன இடங்களைச் சொன்னார். ஒருவர் இருக்கிறான் என்றாராம், தெற்குப் பக்கம். இன்னொருவர் தண்ணீர் உள்ள இடம் என்றாராம். இரண்டும் அவர் மனதில் அப்படியே கிடக்கிறது, வருடக்கணக்காக.

நான் ரின்னை மூடி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, மகன் எப்படிப்பட்டவன் என்று கேட்டேன். விளக்கு வைக்கும் வரை சொன்னார். மீன்தலையைத் தங்கச்சிக்கு விடமாட்டானாம், முத்தையன்கட்டுக் குளத்தில் நீந்திப் போய்த் தாமரைப்பூ பிடுங்கி வருவானாம். எழும்பும்போது, "நீ பாக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவருக்கு என்னில் மனக்குறை இருக்கிறது, இருக்கட்டும். ஓர் அட்டையைத் திருப்பி வைத்திருந்தால், சூரியன் வந்திருந்தாலும் எலும்புக்கூடு வந்திருந்தாலும், அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்.

கோயிலுக்குப் போகிறவர்கள், வேதக்காரர் இதைச் செய்யலாமா?

கத்தோலிக்கர் என்றால் திருச்சபையின் நிலைப்பாடு தெளிவு, எதிர்காலம் அறியக் குறி பார்ப்பதை அவர்களின் மறைக்கல்வி நூல் 2116ஆம் பத்தியில் விலக்குகிறது. ஆடித் திருவிழாவுக்கு மடுவுக்கு நடந்து போகும் என் சிநேகிதி ஒருத்தி அதனாலேயே தொடுவதில்லை, படங்களை மட்டும் ரசிப்பாள். எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்க்கிறவர்கள் இதைப் பற்றி முறைப்பாடு சொல்வது எனக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனாலும் வீட்டில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அவர் முன்னால் விரிக்காமல் விடுவது நல்லது.

ஓர் அட்டை தொலைந்துவிட்டது. முழுக் கட்டும் வீணா?

இல்லை. அநேகமான கட்டுகளில் 78க்கு மேல் ஒன்றிரண்டு வெறும் அட்டையோ விளம்பர அட்டையோ வரும், எறிந்துவிடாதீர்கள். அதில் தொலைந்த அட்டையின் பெயரைப் பென்சிலால் எழுதிச் சேர்த்துவிடுங்கள். பேனா வேண்டாம், பூச்சில் பிடிக்காமல் மை இழுபட்டுப் பக்கத்து அட்டையில் ஒட்டும்.

என் கட்டில் வாள் ஆறு அப்படிப் பென்சிலில்தான் இருக்கிறது. அசல் தொலையவில்லை. அம்மாவின் பத்திரங்கள் உள்ள ரின்னில், காணிப் பெர்மிட்டுக்கும் பழைய நிவாரண அட்டைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். தரமாட்டாராம்.